காற்றுக் கொப்பி

எனக்கு மணம் தெரியாது. பன்னிரண்டு வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்து ஒரு மாதம் பாயில் கிடந்தேன். காய்ச்சல் போகும்போது தலைமயிரையும் மூக்கின் பாதி வேலையையும் கொண்டுபோய்விட்டது. மயிர் திரும்ப முளைத்தது. மூக்கு மூச்சுவிடுவதோடு நின்றுவிட்டது. மன்னாரில் தோட்டவெளி என்ற எங்கள் ஊரில், எங்கள் அயலில் ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்கு ஒரு கால் இல்லை. அவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு மல்லிகை மணக்கவில்லை என்று முறையிட எனக்கு வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் விட்டேன். பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது.

அதனால் சனிற்றறி இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பித்தபோதும் அதைப் பற்றி எழுதவில்லை. விண்ணப்பத்தில் அதற்கு இடமும் இருக்கவில்லை. டாக்குத்தர் என் கண்ணை இழுத்துப் பார்த்தார், பல்லைத் தட்டிப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், முழங்காலில் சின்னச் சுத்தியலால் அடித்தார். பட்டினத்தின் கக்கூசுகளையும் சாக்கடைக் கான்களையும் இறைச்சிக் கடையையும் மோந்து திரியப் போகிறவனின் மூக்கை மட்டும் அவர் திரும்பியும் பார்க்கவில்லை. உடற்தகுதி பூரணம் என்று கையெழுத்து வைத்தார்.

உண்மையில் முதல் இரண்டு வருடமும் அந்தக் குறை எனக்கு நல்ல பெயரையே வாங்கித் தந்தது. எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் கக்கூஸ் பார்க்கப் போனால் லேஞ்சியைத் தைலத்தில் நனைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, வேலிக்கு வெளியே நின்றபடி "எல்லாம் சரியோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாராம். நான் உள்ளே போய்க் குனிந்து பார்த்தேன். சனங்கள் அசந்துபோனார்கள். இப்படியொரு கடமையுள்ள பிள்ளையை மன்னார் கண்டதில்லை என்று பள்ளிமுனைக் கோயிலில் பங்குச் சுவாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார்.

பாலம் போட்டுத் தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்போதுதான் எங்கள் அரசாங்கக் கந்தோருக்குப் புதுத் துரை வந்தார். முப்பது வயதுகூட இராது. வெயிலில் சிவந்து உரிந்த முகம். சீமையில் ஏதோ ஒரு புகைபோக்கிப் பட்டினத்தில் பிறந்தவர். அங்கே காலையில் வெளுத்துப் போட்ட துணி பின்னேரம் கரிபடிந்து கிடக்குமாம். அவருடைய தாய் அந்தப் புகையைக் குடித்துக் குடித்தே நெஞ்சு நோயில் இறந்தாராம். இதை அவர் ஒருநாள் தானாகச் சொன்னார். அதனால் அவருடைய காற்றுப் பைத்தியத்தைப் பற்றிக் கந்தோரில் மற்றவர்கள் சிரித்தபோது என்னால் முழுமனதோடு சிரிக்க முடியவில்லை.

இன்னொரு விசேடம், அவருடைய தமிழ். இலங்கைக்கு வந்த துரைமார் தமிழ்ச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். இவர் பண்டிதர் ஒருவரை வைத்து இரண்டு வருடம் படித்தவர். எங்களில் ஒருவருக்கும் வராத தமிழ் அவருக்கு வந்தது. வந்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, கதிரையில் இருக்கச் சொல்லி, "இந்நகரத்தின் வாயு தூயதோ அன்றோ என்பதை நாம் நாடோறும் அறிதல் வேண்டும்" என்றார்.

"ஓம் துரை" என்றேன்.

"நீர் அதற்கு ஏற்றவர் என்று யாவரும் கூறுகின்றனர்."

அதற்கும் ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

முதலில் ஓர் அட்டை தந்தார். வெள்ளையிலிருந்து கறுப்புவரை படிப்படியாகக் கோடுகள் நெருங்கிய கட்டங்கள் அதில் இருந்தன. அட்டையை எட்டப் பிடித்து, புகையோடு ஒப்பிட்டு, எந்தக் கட்டத்தின் கறுப்பு என்று எழுத வேண்டும். மன்னாரில் அப்படி ஒப்பிடத்தக்க புகை இரண்டே இரண்டு: சுண்ணாம்புச் சூளை ஒன்று, ரயில் ஒன்று. சூளைக்காரர் நான் படம் பிடிக்கிறேன் என்று நினைத்துச் சால்வையைச் சரிசெய்துகொண்டு நின்றார். ரயில் பாதையோரம் நின்று அட்டையை நான் உயர்த்திப் பிடித்ததும் டிறைவர் அதை ஏதோ சமிக்ஞை என்று எண்ணி வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டார். இந்தியாவுக்குக் கப்பலேறப் போன சனம் முழுவதும் ஜன்னலால் தலையை நீட்டி என்னைப் பார்த்தது. ஸ்டேசன் மாஸ்டர் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு முறைப்பாடு எழுதினார். அட்டை அதோடு அலுமாரிக்குள் போனது.

அதற்குப் பதிலாக வந்ததுதான் காற்றுக் கொப்பி. தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி. பட்டினத்தில் மூன்று இடங்கள் தெரிவுசெய்து, தினமும் ஒவ்வோரிடத்திலும் ஒருதடவை நின்று, காற்று வடக்கத்தி வாடையா, கிழக்கத்திக் கொண்டலா, தெற்கத்திச் சோழகமா, மேற்கத்திக் கச்சானா, புகை உண்டா, நாற்றம் உண்டா, உண்டென்றால் என்ன வகை, எவ்வளவு கடுமை என்று எழுத வேண்டும். நான் காற்றின் பெயரை ஒழுங்காக எழுதினேன். மற்றப் பத்திகளில் "விசேடமில்லை" என்று எழுதினேன். மூன்று வாரம் மன்னார் மாதா கோயில் பீடம் போலச் சுத்தமாக இருந்தது.

அதற்கு முந்தின வருடம்தான் எனக்குக் கலியாணம் நடந்தது. பெண் பட்டினத்துக்கு மேற்கே கடற்கரைக் கிராமமான தாழ்வுபாடு. மாமாவுக்கு இரண்டு வள்ளமும், கடற்கரையில் கருவாடு காயப்போடும் பந்தல்களும் இருந்தன. மனைவிக்கும் என் மூக்கைப் பற்றி நான் சொல்லவில்லை. ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, சட்டியிலிருந்த மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிணற்றடியிலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, அது முந்தநாள் குழம்பு. பழுதாப்போச்செண்டு கொட்ட வச்சனான். எப்பிடிச் சாப்பிடுறியள்?"

"நல்லாத்தானே இருக்கு. கொஞ்சம் புளிக்குது."

"நாத்தம் தெரியேல்லையோ?"

நான் அடுத்த கவளத்தை உருட்டினேன். அவள் கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் எதையோ பொத்திக்கொண்டு வந்து என் மூக்கின் கீழ் பிடித்தாள்.

"கண்ணை மூடுங்கோ. இது என்ன?"

"தெரியாது."

"பெருங்காயம். ஒரு மணமும் தெரியாதோ உங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப அந்தக் கொப்பியில என்னத்தை எழுதுறியள்?"

சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கி, விக்கல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் அப்போது மூன்று மாதம். மசக்கையில் மற்றப் பெண்களுக்கு வாய் கசக்கும் என்பார்கள். இவளுக்கு மூக்கு விழித்துக்கொண்டது. இரண்டு வளவு தள்ளி என்ன தாளிக்கிறார்கள் என்று சொல்வாள். தபால்காரர் ஒழுங்கையில் திரும்பும்போதே, இன்றைக்கு அவர் சவர்க்காரம் போட்டுக் குளித்திருக்கிறார் என்பாள். மன்னாரிலேயே மிகக் கூர்மையான மூக்கும் மிகவும் செத்த மூக்கும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. செத்த மூக்குக்குத்தான் அரசாங்க உத்தியோகம்.

மறுநாளிலிருந்து அவள் சொன்னாள், நான் எழுதினேன். துரை மூன்று இடம் கேட்டாரல்லவா? அவள் அன்றாடம் போகிற இடங்களையே தெரிந்தெடுத்தேன். காலையில் அவள் மரக்கறி வாங்கப் போகும் சந்தை. மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவரும் கோட்டைப் பக்கம். கந்தோர் அங்கேதான் இருந்தது. பின்னேரம் செபமாலைக்குப் போகும் பள்ளிமுனைக் கோயிலடி. இந்த மூன்று இடங்களும் பட்டினத்தின் காற்றோட்டத்தை மிகச் சரியாகப் பிரதிபலிப்பதாகத் துரை எழுதினார்.

கொப்பிக்கு உயிர் வந்தது. "சந்தையடி: கொண்டல், நனைந்த கழுதை, மெல்லிய." "கோயிலடி: வாடை, ஊறிய தேங்காய் மட்டை, கடுமை." "கோட்டை: கச்சான், சுண்ணாம்புச் சூளைப் புகை, தொண்டையில் கரகரப்பு." இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் எழுத நான் பட்ட பாடு தனிக்கதை. நனைந்த கழுதையின் மணத்துக்கும் காய்ந்த கழுதையின் மணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க அகராதி ஒத்தாசை செய்யவில்லை. துரை ஒவ்வொரு சனிக்கிழமையும் கொப்பியை வாங்கி வரிவரியாக வாசித்தார். "உமது நாசி ஓர் அரிய கருவி" என்றார். கந்தோரில் என் பெயர் மூக்கு இன்ஸ்பெக்டர் ஆயிற்று.

ஒரு சனிக்கிழமை அவர் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இக்கொப்பியில் கருவாடு என்னும் சொல் யாண்டும் இல்லையே?"

நான் திகைத்தேன். உண்மைதான். கச்சான் அடித்தால் தாழ்வுபாட்டிலிருந்து பட்டினம் முழுவதும் கருவாடு மணக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். கொப்பியில் ஒரு சொல் இல்லை.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நாத்தத்தைத்தானே சொல்லச் சொன்னனீங்கள்? கருவாடு நாத்தமோ? அது எங்கட வீட்டு மணம்."

"ஊருக்கு அது நாத்தமெல்லோ."

"அப்ப ஊரைக் கூப்பிட்டு எழுதுங்கோ."

துரையிடம், உப்பிட்ட மீன் முறையாகக் காய்ந்தால் கெட்ட வாயு எழாது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

பங்குனி மாதம், காற்று ஒரு நிலையில் நில்லாமல் நாளுக்கொரு பக்கம் திரும்பும் காலம், ஒரு நாற்றம் வந்தது. நான் வந்தது என்று எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது மற்றவர்களின் முகங்கள்தான். பெரிய கிளாக்கர் மூக்குப்பொடியை இரட்டிப்பாக்கினார். பியோன் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். துரை ஜன்னலைச் சாத்தச் சொன்னார், பிறகு திறக்கச் சொன்னார், பிறகு மறுபடியும் சாத்தச் சொன்னார். மத்தியானம் சோறு கொண்டுவந்த என் மனைவி கோட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள். நான் ஒருவன் மட்டும் மேசையில் இருந்துகொண்டு சோற்றை வழித்துச் சாப்பிட்டேன். என் மனவுறுதியைப் பெரிய கிளாக்கர் வியந்து பாராட்டினார்.

ஒரு வாரத்தில் அது பொறுக்க முடியாததாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் துரைக்கு மேலான பெரிய துரை சுற்றுப்பயணம் வருவதாகக் கடிதம் வந்தது. எங்கள் துரை பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்.

"தாழ்வுபாட்டுக் கருவாடுதான், சேர்" என்றார் பெரிய கிளாக்கர், கொஞ்சமும் தயங்காமல். "வேற என்ன?"

துரை என்னைப் பார்த்தார். கொப்பியில் கருவாடு இல்லை என்பது அவர் ஞாபகத்தில் இருந்தது. என்ன சொல்வது? அந்த நாற்றம் எப்படியிருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

மறுநாள் நோட்டீஸ் தயாரானது. பட்டினத்தின் காற்றைக் கெடுப்பதால், தாழ்வுபாட்டுக் கோயிலிலிருந்து கிழக்கே பனங்கூடல் வரை கடற்கரையில் மறு அறிவித்தல் வரும்வரை மீன் காயப்போடக் கூடாது. அடியில் துரையின் கையெழுத்து. அதற்குக் கீழே, பரிசோதித்து உறுதிசெய்தவர் என்று என் கையெழுத்து. கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் என்னுடையது.

மாமா பந்தலடியில் குனிந்து கட்டாக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தாளைக் காட்டினேன்.

"எனக்கு வாசிப்பு வராதெண்டு தெரியும்தானே மருமோன். நீங்களே வாசியுங்கோ."

வாசித்தேன். அவர் வேலையை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் ஒரு வரிசை முழுவதையும் புரட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"காத்துக் கெட்டுப்போச்சாமோ? இந்தக் காத்தைத்தானே நாங்கள் பிறந்த நாள் தொட்டுக் குடிக்கிறம்."

"துரையின்ர கட்டளை மாமா."

"ஓம், அது விளங்குது. அடியில ரெண்டு கையெழுத்துக் கிடக்கு. ஒண்டு துரையின்ர. மற்றது ஆற்ற?"

"என்ர."

அவர் கையைச் சாரத்தில் துடைத்தார். பந்தலுக்குப் பின்னால் போய், ஓலையில் சுற்றிய ஒரு பொதியோடு வந்தார்.

"பிள்ளைக்கு வாளைக் கருவாடு எடுத்து வச்சனான். வாய்க்கு ருசியா இருக்கும். கொண்டுபோறியளோ, இல்லாட்டி இதுவும் சட்டத்துக்குப் பிழையோ?"

வாங்கிக்கொண்டேன். சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டினம்வரை வந்தேன். வழியில் யாரைக் கண்டாலும் அந்தப் பொதியை மறைக்க வேண்டும் போலிருந்தது.

நடந்ததைக் கேட்டு மனைவி அழவில்லை, ஏசவுமில்லை. பொதியை அவிழ்த்து ஒரு துண்டை எடுத்து மணந்து பார்த்தாள்.

"இது உப்பும் வெயிலும். அங்க நாறுறது இது இல்லை. அது மட்டி. சிப்பி உள்ளுக்க செத்து அழுகுற நாத்தம். ஆற்ற கடற்கரையில நான் வளந்தனான்? எனக்குத் தெரியாதோ?"

பிறகு கொப்பியைக் கொண்டுவரச் சொன்னாள். நான் அந்த வாரத்து வரிகளை வாசித்தேன். சந்தையடியில் சோழகம் அடித்த நாளில் மட்டும் நாற்றம். பள்ளிமுனையில் கச்சான் அடித்த அன்றைக்குக் கொஞ்சம். கோட்டையடியில் மட்டும் வாடை அடித்தாலும், கொண்டல் அடித்தாலும், எது அடித்தாலும் நாற்றம்.

"பாருங்கோ. தாழ்வுபாட்டில இருந்து வந்தா கச்சானுக்குத்தானே வரவேணும்? எல்லாக் காத்துக்கும் ஓரிடத்தில நாறினா, நாறுறது அந்த இடம்தான்."

வாரக்கணக்காக என் கையால் எழுதிய கொப்பி அது. அதை அப்படி வாசிக்கலாம் என்று எனக்கு அன்றுவரை தோன்றவில்லை.

அடுத்தநாள் சோற்றோடு வந்தவள் நேரே என்னிடம் வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கோட்டைச் சுவரோரமாக நடந்தாள். நான் பின்னால் போனேன். ஒல்லாந்தர் காலத்துப் பழைய கிட்டங்கி ஒன்றின் முன் நின்றாள். கதவில் பெரிய பூட்டு, பூட்டின் மேல் அரக்கு முத்திரை, பக்கத்தில் துவக்கோடு ஒரு பொலிஸ்காரர். உள்ளே வெடிமருந்து இருப்பதாகத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கதவு இடுக்கில் ஈக்கள் கறுப்பாக மொய்த்தன.

"இஞ்சதான்" என்றாள்.

பொலிஸ்காரரின் கண்களில் நீர் வடிந்துகொண்டிருந்தது. "தங்கச்சி, கண்டுபிடிச்சிட்டீர்" என்றார். "நான் பத்து நாளாச் சொல்லேலாமல் நிக்கிறன்."

பெரிய கிளாக்கரிடம் போனேன். கிட்டங்கி என்றதும் அவர் பேனையை வைத்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி, நீர் அங்க ஒண்டையும் மணக்கேல்லை. விளங்குதோ?"

என் உத்தியோக காலத்தில் எனக்கு இடப்பட்ட உத்தரவுகளில் நான் குறைவில்லாமல் நிறைவேற்றக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். ஆனால் அன்றைக்கு மாமாவின் முகம் கண்முன் நின்றது. நேரே துரையின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

துரை தொப்பியைப் போட்டுக்கொண்டு உடனே வந்தார். என் மனைவி இன்னும் சுவரோரம் நின்றிருந்தாள். அவர் லேஞ்சியால் மூக்கை அழுத்தியபடி அவளை வணங்கி, "அம்மணி, இதனுள் யாது உளது?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "என்ன கேக்கிறார்?"

"உள்ளுக்க என்ன கிடக்கெண்டு."

"சிப்பி அழுகுது துரை. கதவைத் துறந்து பாருங்கோவன்."

அது துரைக்கு விளங்கவில்லை. தமிழிலிருந்து தமிழுக்கு நான் மொழிபெயர்த்தேன். பிறகு இடுக்கில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தேன். இருட்டில் பெரிய மரத்தொட்டிகள் தெரிந்தன. சொன்னேன். துரை என்னை ஒருகணம் உற்றுப் பார்த்தார். கந்தோருக்குத் திரும்பி, பெரிய கிளாக்கர் இரகசியக் கடிதங்களைப் போட்டுப் பூட்டும், தான் அதுவரை திறந்து பாராத அலுமாரியைத் திறந்தார்.

ஒரு மணித்தியாலம் கழித்து என்னைக் கூப்பிட்டார். இந்தத் தடவை ஆங்கிலத்தில் பேசினார், மெதுவாக. முத்துக் குளிப்பு நடத்தலாமா என்று பார்க்க, கடலிலிருந்து மாதிரிக்கு அள்ளிய சிப்பிகள் அவை. தொட்டியில் அழுகவிட்டு, கழுவி, முத்தை எண்ணிப் பார்ப்பது முறை. பத்து நாளில் திரும்பி வருவதாகச் சொல்லி முத்திரை வைத்துவிட்டுப் போன அதிகாரி கொழும்பில் காய்ச்சலாகக் கிடக்கிறார். முத்திரையை உடைக்க அவரைத் தவிர யாருக்கும் அதிகாரமில்லை. செய்தி வெளியே போனால் அக்கரை வியாபாரிகள் திரண்டு வந்துவிடுவார்கள். ஆகவே பரம இரகசியம்.

"அப்படியானால் தாழ்வுபாட்டு நோட்டீசை மீளப்பெறலாம்தானே, சேர்?"

அவர் முகம் இன்னும் சிவந்தது.

"மீளப்பெறுவதென்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் இரகசியம்."

அவர் வெட்கப்பட்டார் என்பதை நான் சொல்ல வேண்டும். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடிதான் அதைச் சொன்னார். ஜன்னல் சாத்தியிருந்தது.

பெரிய துரை வந்த அன்று என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டையைச் சுற்றிச் சட்டிகளில் தணல் போட்டு, சாம்பிராணியும் வேப்பிலையும் எரித்தோம். காற்றுக் கொப்பியில் பதியப்பட்ட புகைகளுள் மிகக் கறுப்பானது காற்றைச் சுத்தப்படுத்த நாங்கள் எழுப்பிய அந்தப் புகைதான். பெரிய துரை இருமி, கண்ணைத் துடைத்து, நுளம்பு கடிக்காமல் இருக்கவா என்று கேட்டார். ஓம் என்றோம். மன்னார் அதிகாரிகள் சுகாதாரத்தில் மிகவும் அக்கறையுள்ளவர்கள் என்று எழுதிவிட்டுப் போனார்.

இரகசியம் காக்கும் கட்டளை எனக்கு இருந்தது. என் மனைவிக்கு இருக்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிய அவள் தகப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வாரம் முடிவதற்குள் பள்ளிமுனையில் மீன் விற்கிறவர்கள்கூட, "இன்ஸ்பெக்டர் ஐயா, எப்ப சலாபம் துவங்குது?" என்று என்னைக் கேட்டார்கள். முத்துக் குளிப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். நான் எதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றே தெரியாதவன்போல நின்றேன். அந்த நடிப்பு எனக்குப் பழகியதுதான்.

தாழ்வுபாட்டார் சட்டத்தை மீறவில்லை. நோட்டீஸ் பனங்கூடல் வரை என்றுதானே சொன்னது? பந்தல்களைப் பிடுங்கிப் பனங்கூடலுக்கு அங்கால் நட்டார்கள். பட்டினத்துக்கு இன்னும் கொஞ்சம் கிட்டவாக. மாமா ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

கடைசியில் அந்த அதிகாரி மெலிந்து, மஞ்சளாகி வந்து சேர்ந்தார். முத்திரை உடைந்தது. தொட்டிகளைக் கழுவி அரித்தபோது ரவை போலக் கொஞ்ச முத்துக்கள் மட்டும் கிடைத்தன. அந்த வருடம் முத்துக் குளிப்பு இல்லை என்று எழுதிவிட்டு அவர் போனார். இரண்டு நாளில் பட்டினத்து முகங்கள் வழமைக்குத் திரும்பின.

துரை என்னை இருத்தி அறிக்கை எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இன்ன நாற்றம் தோன்றியது. தாழ்வுபாட்டில் மீன் காயப்போடுதல் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னர் நாற்றம் முற்றாக நீங்கியது. ஒவ்வொரு வசனமும் உண்மை. அவர் கையெழுத்து வைக்கும்போது பேனை ஒருதடவை நின்றது. பிறகு வைத்துவிட்டார். அந்த அறிக்கையை மற்றக் கடலோரப் பட்டினங்களுக்கும் முன்மாதிரியாக அனுப்பினார்கள் என்று பிறகு அறிந்தேன்.

ஆவணியில் எங்களுக்குப் பெண்குழந்தை பிறந்தது. மாமா வந்தார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, "உங்கட துரைக்கு விளங்கினதோ?" என்றார்.

"விளங்கினது மாமா. எழுதத்தான் ஏலாமப் போச்சு."

"எழுத்துப் படிச்ச ஆக்களின்ர பாடு பெரும்பாடுதான்" என்றார்.

குழந்தை பிறந்ததோடு மனைவியின் மூக்கு சாதாரண மூக்காகிவிட்டது. வீட்டைவிட்டு வெளியேயும் அவள் போவதில்லை. கொப்பியை என்ன செய்வது? போன மாதங்களைப் புரட்டி, அதே காற்று அடித்த நாளில் அவள் சொன்னதைப் பார்த்து எழுதத் தொடங்கினேன். கொண்டலுக்குக் கழுதை, வாடைக்குத் தேங்காய் மட்டை. துரை மிகவும் மகிழ்ந்தார். முன்னைய பதிவுகளில் ஒரு தடுமாற்றம் இருந்தது என்றும் இப்போது சீரான ஒழுங்கு வந்துவிட்டது என்றும் பாராட்டி எழுதினார்.

அந்தப் பாராட்டைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை கொப்பியை அவர் மேசையில் வைத்து, எனக்கு மணம் தெரியாது என்றும், முதலில் எழுதியது மனைவியின் மூக்கு, இப்போது எழுதுவது வெறும் பார்த்தெழுதல் என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அறிவேன்" என்றார். "கிட்டங்கிக் கதவில் முகத்தை ஒட்டி நின்றீர். உலகில் மூக்குள்ள எவனாலும் அது இயலாது."

"அப்போது ஏன் துரை சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் உம்மை நீக்க வேண்டும். உமக்குப் பதிலாக மூக்குள்ள ஒருவனை நியமிக்க வேண்டும். மூக்குள்ளவன் எவன் இவ்வேலைக்கு வருவான்?" பிறகு சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். "கருவாடு?" என்று கேட்டார்.

"அது அவளுக்கு நாத்தமில்லை, துரை."

குழந்தை பிறக்குமுன் எழுதிய பதிவுகளின் ஓரத்தில் என் மனைவியின் பெயரை எழுத வேண்டும் என்று அவர் பேனையை எடுத்தார். அவளைக் கேட்டுவிட்டு வரச் சொன்னார். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ர பேர் வேண்டாம். பேரைப் போட்டா நாளைக்கும் மணக்கச் சொல்லுவினம்."

துரை அந்த வருடக் கடைசியில் மாற்றலாகிப் போனார். போவதற்கு முன் கொப்பியை மூடிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, என்னை அம்மைப்பால் குத்தும் வேலைக்கு மாற்றி எழுதினார். அதற்கு மூக்கு வேண்டாம், கை நடுங்காமல் இருந்தால் போதும். முசலிப் பக்கத்துக் கிராமமொன்றுக்கு முதல்நாள் போனபோது என் பெட்டியைக் கண்டதும் பாதி ஊர் காட்டுக்குள் ஓடிவிட்டது. நான் மரநிழலில் பெட்டியை வைத்துவிட்டு இருந்தேன். வெயில் சாய, ஒரு மூத்தம்மா வந்து, "நோகுமோ மகன்?" என்று கேட்டார்.

"நோகும் உம்மா. கொஞ்சம்தான்."

அவர் யோசித்தார். பிறகு கையை நீட்டினார்.